பாலத்தின் மேல் ஒரு முறை

அடையாள அட்டை சட்டைக்குள் போய்விட்டது.
ஒன்பது மணிக்குப் பிறகு நான் யாரையும் பிடிப்பதில்லை.
ஆகென்ஸ்கால்ன்ஸ் போகிற டிராம், கடைசி இருக்கை,
ஜன்னலில் உள்பக்கமாகவே பனி.
வலது கையுறையில் கட்டைவிரலை மட்டும் கத்தரித்திருக்கிறேன்,
பொத்தான் அழுத்த.

உள்ளங்கை அகலத் திரையில் நான் ஒரு திருடி.
பெயர் கிடையாது, சாம்பல் முக்காடுதான்.
கையில் ஐந்து சீட்டு:
இரண்டு கட்டம் நகர ஒன்று,
நிழலோடு ஒட்டிக்கொள்ள ஒன்று,
காசை எறிந்து காவலாளியைத் திருப்ப ஒன்று,
மறுபடி ஒரு நடை,
எதற்குமே உதவாத ஓர் இருமல்.
கட்டு தீர்ந்து கலைத்துப்போடும் ஒவ்வொரு தடவையும்
கட்டுக்குள் இன்னோர் இருமல் சேர்கிறது.
இந்த ஆட்டத்தைச் செய்தவர்
ரீகாவில் ஒரு குளிர்காலமாவது கழித்திருக்க வேண்டும்.

காவலாளியின் பார்வை மஞ்சள் முக்கோணம்.
அதற்கு ஒரே ஒரு கட்டம் தள்ளி நின்றால்
நான் இல்லவே இல்லை.
விளையாட்டுக்குச் சொல்லவில்லை.
பதினாறு வருடமாய் அந்த முக்கோணத்தை
முகத்தில் மாட்டிக்கொண்டு நடக்கிறவள் நான்.
அதற்குள் வந்ததும்
காணாமல் போகாத கையுறையைத் தேடுவார்கள்,
பாதி வாக்கியத்தில் முத்தமிடத் தொடங்குவார்கள்.
வெளியே என்ன செய்கிறார்கள் என்று
எனக்குத் தெரியாது.

நான் சீட்டு இறக்கும்வரை அங்கே எதுவும் அசையாது.
தூக்கிய கால் தூக்கியபடி நிற்பான் காவலாளி,
நான் மூக்கைச் சிந்தி, தேநீர் குடித்து, யோசித்து முடிக்கும்வரை.
வேலையில் இந்த மரியாதையை
எனக்கு ஒருவரும் தந்ததில்லை.

பாலத்துக்கு முந்தைய நிறுத்தத்தில்
பின்கதவு வழியாக ஏறினான் ஒரு பையன்.
தோளில் பனி, கையில் எண்ணெய் ஊறிய காகிதப் பை.
சீட்டு இயந்திரத்தைத் தொடவில்லை.
தாலிஸ்.
நவம்பரில் நான்தான் எழுதினேன் அந்தப் பெயரை,
எழுத்துக் கூட்டிச் சொன்னான், இரண்டு தரம்.

கதவு மூடியது. அவன் என்னைப் பார்த்தது அதற்குப் பிறகு.
கம்பியைப் பிடித்த கை பிடித்தபடி.
இனி அக்கரை வரை இறங்க இடமில்லை,
கீழே தௌகவா பாதி உறைந்து கிடக்கிறது.

நான் தலையைத் தூக்கவில்லை.
தூக்கினால் முக்கோணம் விரிந்துவிடும்.
கையில் மிச்சம் இரண்டு சீட்டு, ஒரு நடை, ஓர் இருமல்.
கதவுக்கு முன் காவலாளி.
நடையின் மேல் விரலை வைத்தேன்.

'அதை இறக்காதீங்க.'

காகிதப் பையில் பன்றிக்கொழுப்பும் வெங்காயமும் மணந்தன.
என் தோளுக்கு மேலே அவன் மூச்சு.
'ரெண்டு முறை சும்மா இருங்க. அவன் திரும்பிப் போவான்.
நான் இங்கே ஒன்பது தடவை செத்திருக்கேன்.'

ஒன்றும் இறக்காமல் முறையை முடிக்க முடியும் என்பதே
இத்தனை நாள் எனக்குத் தோன்றவில்லை.
முடித்தேன். காவலாளி ஒரு கட்டம் நெருங்கினான்.
'இன்னொண்ணு,' என்றான் பையன்.
முடித்தேன்.
மஞ்சள் நுனி முக்காட்டை உரசுவதுபோல் வந்து
சுவர்ப்பக்கம் சாய்ந்தது.
'இப்போ!'

கதவு திறந்தது, திரையில்.
இருவரும் ஒன்றாய்ச் சிரித்தோம்.
அப்புறம் இருவருக்கும் ஞாபகம் வந்தது.

பாலம் முடிந்து வண்டி நின்றது. கதவு திறந்தது, நிஜமாகவே.
அவன் என்னைப் பார்த்தான், நான் பேட்டரியைப் பார்த்தேன்.
நான்கு சதவீதம்.
பையிலிருந்து ஒரு பன்னை எடுத்து
பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினான்.
லஞ்சமா, நன்றியா,
திசைதிருப்ப எறிந்த காசா,
இன்னும் முடிவு செய்யவில்லை.
சூடாக இருந்தது, தின்றுவிட்டேன்.

நாளை ஆறரைக்கு இதே தடம், அட்டை சட்டைக்கு வெளியே.
பின்கதவில் அவன் ஏறினால்
கேட்கத்தான் போகிறேன்.